மீன்கடை ஐஸில் ஓடிய பனிவண்டி

பாரிஸின் லா சப்பலில் தில்லையம்பலம் என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'காஸ் தில்லை' என்று கேட்டால் கொத்துரொட்டி அடிப்பவன்கூடத் தகட்டைக் கீழே வைக்காமல் அதாலேயே திசை காட்டுவான். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக் காஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தாலும் அவருக்குத்தான் போன் போகும். ஐம்பத்துநாலு வயது, ஒல்லி உடம்பு, அந்த உடம்புக்குக் கொஞ்சம் கூடுதலான காதுகள். அடுப்பை மூட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து அதன் இரைச்சலைக் கேட்பார். "காத்துக் காணாது" என்பார், அல்லது "கொழுப்பு அடைச்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் சொன்னதுதான் இருக்கும்.

இந்தக் கேள்விஞானம் கிளிநொச்சியில் கிடைத்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வடக்கே பெற்றோல் வராமல் போன காலத்தில் அவர் அங்கே ஒரு டிராக்டர் திருத்தும் கராஜில் வேலை செய்தார். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோலை ஒரு சின்னப் போத்தலால் பீச்சுவார்கள். அந்த நாலு சொட்டும் இல்லாத நாட்களில் தில்லையம்பலம் தின்னரில் கிளப்பினார். ஒருமுறை மாப்பிள்ளை ஒருவரின் வாசனைச் சென்ற் போத்தலால் கிளப்பினார். மாப்பிள்ளை தாலி கட்டப் போன வழியெல்லாம் புகை மணத்தது என்று சொல்வார்கள். "எரியிற சாமான் எதிலயும் எஞ்சின் ஓடும். அதுக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல வேணும், அவ்வளவுதான்" என்பது அவருடைய கருத்து.

பிரான்ஸுக்கு வந்த தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில் ஆறு குளிர்காலம் கோப்பை கழுவினார். கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே ஹோட்டலின் பனிவண்டி போய்ப்போய் வரும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டிராக்டர் சங்கிலி மாதிரி ஒரு ரப்பர் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் இருக்கை. கைகள் சவர்க்கார நுரைக்குள் இருக்க, காது மட்டும் அந்த எஞ்சினோடு மலை ஏறி இறங்கும். பாரிஸில் காஸ் வேலை பிடித்த பிறகும் அந்த ஹோட்டல்காரரோடு தொடர்பு விடவில்லை. பல வருடம் கழித்து அந்தப் பனிவண்டியின் எஞ்சின் எரிந்துபோய், குப்பைக்கு எறியப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒரு மரக்கறி வான் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

லா சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டோடு நிலத்தடியில் ஒரு கார் நிறுத்தும் இடமும் சேர்ந்திருந்தது. அவர்களிடம் கார் இல்லை. அங்கே அந்த வண்டி இறங்கிய அன்று மனைவி கோசலை படிகளில் நின்று பார்த்தாள்.

"இதென்ன, முதலையோ?"

"மோட்டோ நேஜ். பனியிலை ஓடுறது."

"பாரிஸிலை பனி எங்கை?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் தில்லையம்பலத்துக்கு நாலு வருடம் பிடித்தது.

பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் பழைய கார் உடைக்கும் ஒரு முற்றத்தில், பின்பக்கம் நொறுங்கிய சின்னக் கார் ஒன்றின் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் கிடைத்தது. அதைப் பெற்றோலில் ஓட்டியிருக்கலாம். ஆனால் பெற்றோலில் எவரும் ஓட்டுவார்கள். தில்லையம்பலம் அதைப் புரொப்பேன் காஸில் ஓடவைத்தார். சிலிண்டர் வைக்க இருக்கைக்குப் பின்னால் தொட்டில், காஸைச் சூடாக்க எஞ்சின் தண்ணீர் சுற்றும் குழாய், பட்டியை மூடக் கொத்துரொட்டிக் கடைக்காரர் எறிந்த அலுமினியச் சட்டி. காஸ் கசிந்தால் நிலத்தோடு தவழும் என்பது அவருடைய தொழிலறிவு. ஆகவே சிலிண்டரை ஒருநாளும் நிலத்தடிக்குள் கொண்டுபோகவில்லை. கார் உடைக்கும் முற்றத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார், திருப்திப்பட்டு, சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு வருவார்.

நடுவில் ஒரு பெப்ரவரியில் பாரிஸில் பனி கொட்டியது. பஸ் இல்லை, கார்ஜ் பக்கம் ரயில் இல்லை. கணுக்கால் பனியில் ஊரே விழுந்தெழும்பியது. அன்று அந்த எஞ்சின் கார்ஜ் முற்றத்தில் அக்குவேறு ஆணிவேறாக ஒரு பழைய போர்வையில் பரப்பியிருந்தது. தில்லையம்பலம் ஜன்னலடியில் நின்று வெளியே பார்த்தார். கோசலை அவரைப் பார்த்தாள். பிறகு பனியைப் பார்த்தாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு, எஞ்சின் வண்டியில் ஏறிய வருடம், நிலைமை மாறியது, கோசலையால். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் கோசலை நாற்பத்தெட்டு வயதில், நாலாவது தடவையில், 'பெர்மி' என்ற ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் எடுத்தாள். எடுத்த கையோடு ஒரு பச்சை நிறச் சின்னக் காரும் வாங்கினாள். காரைத் தெருவில் விட்டதில் ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை பக்கக் கண்ணாடி போயிற்று. மூன்றாவது தடவை எவரோ அதன் மூடியில் ஒரு மெத்தையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றாள் அன்று. "என்ரை கார் றோட்டிலை படுக்குது. உங்கடை முதலை கீழை சொகுசாப் படுக்குது. நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி ஒண்டு போக வேணும். என்ரை கார் போகாது."

வண்டியை விற்க விளம்பரம் எழுதும் வேலை மகள் லக்ஷனாவுக்கு வந்தது. இங்கேயே பிறந்தவள், தகப்பன் தமிழில் கேட்க, பிரெஞ்சில் பதில் சொல்வாள். தில்லையம்பலம் கதிரையை இழுத்துப் போட்டு, டர்போவின் அழுத்தம், காஸ் குழாயின் விட்டம், தான் பட்ட பாடு எல்லாவற்றையும் சொன்னார். அவள் மூன்று வரிதான் எழுதினாள்.

"'பனியே காணாத எஞ்சின்' எண்டும் போடு."

லக்ஷனா விரலை நிறுத்தி, மெஷினை விற்கிறாரா அல்லது அதற்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா என்று பிரெஞ்சில் கேட்டாள். அடுக்களையிலிருந்து கோசலை சிரிக்கும் சத்தம் வந்தது.

அழைப்புகள் வந்தன. ஒருவர் கடற்கரை மணலில் ஓடுமா என்று கேட்டார். இன்னொருவருக்கு இருக்கை மட்டும் போதுமாம். மூன்றாவதாக வந்தவர் போன் அடிக்கவில்லை, நேரே வந்தார். றொனால்ட். கலியாணவீடுகளுக்கும் பூப்புநீராட்டுச் சாமத்தியவீடுகளுக்கும் மேடை சோடிப்பவர். விளம்பரத்தை லா சப்பலில் எவரோ காட்டியிருக்கிறார்கள். தேநீர்க் கடையில் தில்லையம்பலத்துக்கு முன்னால் வந்து குந்தினார்.

"தில்லையண்ணை, ஒரு சாமத்தியவீடு. பிள்ளை பனிராணி மாதிரி மண்டபத்துக்குள்ளை வரவேணுமாம். பல்லக்கு, ஹெலிகொப்டர் எல்லாம் பழசாப் போச்சு."

"மண்டபத்துக்குள்ளையோ? சத்தத்திலை பாட்டுக் கேளாது."

"என்ன சத்தம்?"

"எஞ்சின் சத்தம்."

"ஐயோ அண்ணை, எஞ்சின் ஏன்? அதைக் கழட்டிப்போட்டுத் தாங்கோ. பாரமும் குறையும். வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர் பின்னாலை நிண்டு தள்ளுவினம். நாங்கள் புகை அடிப்பம்."

தில்லையம்பலம் தேநீரைக் கீழே வைத்தார்.

"தம்பி றொனால்ட், நாலு வருசம் நான் அந்த எஞ்சினோடைதான் கதைச்சனான். அதைக் கழட்டினால் மிச்சம் இருக்கிறது குந்திற ஒரு வாங்கு. வாங்கு வேணுமெண்டால் பூங்காவிலை போய்ப் பாரும்."

றொனால்ட் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய தொழிலில் அதற்கு வசதி இல்லை. "மனம் மாறினால் சொல்லுங்கோ" என்று அட்டையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்தக் கிழமைதான் மொனிக் என்பவர் போனில் பேசினார். அறுபது தாண்டிய பிரெஞ்சுப் பெண்மணி. ஜூரா மலையில், பாதை முடிந்து மேலும் மூன்று கிலோமீற்றர் தள்ளி, நடந்து வருபவர்கள் தங்கும் ஒரு விடுதி நடத்துகிறார். சமையலுக்கும் வெந்நீருக்கும் வேண்டிய புரொப்பேன் சிலிண்டர்களைக் கோடையிலேயே ஏற்றி அடுக்கிவிடுவாராம். பனி காலத்தில் பழைய பனிவண்டிக்குப் பெற்றோல் சுமப்பதுதான் வில்லங்கம். காஸில் ஓடும் வண்டி உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது எழுத்துப் பிழையா என்று கேட்டார்.

"இருக்குது மதாம்" என்றார் தில்லையம்பலம்.

"அப்படியென்றால் ஞாயிறு வருகிறேன். பனியில் ஓடிக் காட்ட வேண்டும். தாங்கியில் வைத்து எஞ்சினை உறுமவிட்டுக் காட்டினால் வாங்க மாட்டேன்."

பாரிஸில் அந்த ஞாயிறு ஒன்பது பாகை வெயில் என்று சொல்லியிருந்தார்கள். வெறுந்தரையில் ஓட்டவும் முடியாது. பட்டி ஓடும் பிளாஸ்டிக் சறுக்கிகள் பனி ஈரம் இல்லாவிட்டால் உருகிப்போகும். தில்லையம்பலம் ஒரு பகல் முழுக்க மூன்று கடை அடுப்புகளைத் திருத்தியபடி யோசித்தார். நாலாவது வேலை பூபாலசிங்கத்தின் மீன்கடைக்குப் பக்கத்தில். கடையின் வாசலில் விளைமீனும் பாரையும் ஒரு வெள்ளைக் குன்றின் மேல் படுத்திருந்தன. தில்லையம்பலம் மீனைப் பார்க்கவில்லை. குன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூபாலண்ணை, ஐஸ் கொஞ்சம் வேணும்."

பூபாலசிங்கம் எழுபதை நெருங்குபவர். கத்தியைத் துடைத்தார். "எவ்வளவு?"

"ஒரு பதினைஞ்சு மீற்றர்."

"ஐஸை ஆரடா மீற்றரிலை கேட்டவன்?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கடைக்குப் பின்னால் கல் பதித்த நீண்ட முற்றம் ஒன்று அவருக்கு உண்டு. ஞாயிறு காலை அதைத் தருகிறேன், சனி மிஞ்சிய ஐஸும் மெஷின் ஐஸும் தருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை: ஐஸைத் தனியே அரித்துக்கொடுக்க நேரமில்லை, அதற்குள் இருப்பதோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

இனி வண்டியை மார்க்ஸ் டோர்மோயிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மரக்கறி வான்கள் ஞாயிறு காலை சந்தைக்குப் போய்விடும். இவ்வளவு பாரம் தாங்கும் தள்ளுவண்டி லா சப்பலில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. பொம்பிளை மாப்பிள்ளையைப் பல்லக்கோடு ஏற்றித் தள்ளும் வண்டி அது. தில்லையம்பலம் சட்டைப்பைக்குள்ளிருந்த அட்டையை எடுத்து றொனால்டுக்குப் போன் அடித்தார்.

"வாறன் அண்ணை" என்றார் றொனால்ட். "வீடியோ எடுப்பன். அதுக்கு ஓமெண்டால் சரி."

ஞாயிறு காலை, சிவப்பு வெல்வெற் விரித்து ஓரமெல்லாம் சின்ன விளக்குகள் மினுங்கிய மேடைவண்டியில், காஸ் சிலிண்டர் இல்லாத பனிவண்டி மார்க்ஸ் டோர்மோய் தெருவால் ஊர்வலம் போனது. றொனால்டின் ஆட்கள் நாலு பேர் தள்ளினார்கள். பழக்கதோஷத்தில் வெள்ளைக் கையுறையும் போட்டிருந்தார்கள். விளக்குகளை அணைக்கச் சொல்லிப் பார்த்தார் தில்லையம்பலம். சில்லோடு சேர்ந்தது, உருண்டால் எரியும் என்றார் றொனால்ட். எதிரே வந்த ஒரு மனுசி கலியாண ஊர்வலம் என்று நினைத்து, தலையை மூடிக்கொண்டு "நல்லாயிருங்கோ" என்று வாழ்த்திவிட்டுப் போனார். கோசலை பத்தடி பின்னால், வேறு யாரோ வீட்டு ஊர்வலம் போல நடந்து வந்தாள்.

முற்றத்தில் ஐஸ் பரப்பியாகிவிட்டது. கணுக்கால் உயரம், பதினைந்து மீற்றர் நீளம். அங்கங்கே இறால் தலைகள் ரோஜா நிறத்தில் தெரிந்தன. செய்தி பரவி, தேவாலயப் பூசைக்கும் கோயிலுக்கும் போய்வந்தவர்கள் நல்லுடுப்போடு இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாக நின்றார்கள். மொனிக் பெரிய சப்பாத்தும் இழுவைப் பெட்டி பூட்டிய வாகனமுமாக வந்து இறங்கி, ஐஸைக் குனிந்து ஒரு பிடி அள்ளி, முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

தில்லையம்பலம் கார்ஜிலிருந்து எடுப்பித்த சிலிண்டரைப் பூட்டி, சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்து, எஞ்சினைக் கிளப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்தது. கறுப்புப் புகை இல்லை, மணம் இல்லை. ஒரே சீரான முணுமுணுப்பு. கூட்டம் கைதட்டியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எல்லாம் சரி.

"ஏறி ஓட்டுங்கள்" என்றார் மொனிக்.

அப்போதுதான் தில்லையம்பலத்துக்கு ஒன்று உறைத்தது. ஆறு குளிர்காலம் ஜன்னலால் பார்த்திருக்கிறார். நாலு வருடம் பிரித்துப் பூட்டியிருக்கிறார். இந்தச் சாமானை ஒருநாளும் ஓட்டியதில்லை. முற்றம் முழுக்கத் தெரிந்த முகங்கள். ஏறிக் குந்தி, பெருவிரலால் விசையை மெதுவாகத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். டர்போ ஒரு விநாடி யோசித்தது. பிறகு முடிவெடுத்தது.

பார்த்தவர்கள் சொன்னதைத்தான் சொல்லலாம். தில்லையம்பலத்துக்கு இடையில் ஒன்றும் ஞாபகமில்லை. வண்டி மூக்கைத் தூக்கியது. பின்பட்டி ஐஸை வாரி இரண்டு பக்கமும் எறிந்தது. பட்டுவேட்டிகளிலும் காஞ்சிபுரங்களிலும் மீன் செதிள் தெறித்தது. ஒருவருடைய சட்டைப்பைக்குள் இறால் தலை ஒன்று சரியாகப் போய்க் குந்தியது. பதினைந்து மீற்றர் முடிய எவ்வளவு நேரம் எடுக்கும்? அதற்கப்பால் பூபாலசிங்கம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த, தெர்மோகோல் போன்ற ரெஜிபோம் மீன்பெட்டிகள். வண்டி அவற்றுக்குள் புகுந்து மறைந்தது. பெட்டிகள் நொறுங்கி வெள்ளைப் பொருக்குகளாக மேலே பறந்து, நிதானமாக எல்லோருடைய தலையிலும் இறங்கின. அந்த முற்றத்தில் ஏதோ ஒரு வகையில் பனியும் பெய்தது.

"ஐயோ, என்ரை மனுசன்!" என்று கோசலை ஓடினாள்.

பெட்டிக் குவியலுக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு தில்லையம்பலம் வந்தார். ஒரு கீறல் இல்லை. புருவம் மட்டும் வெள்ளையாக இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்க, மொனிக் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள். குவியலுக்கு அடியில் எஞ்சின் இன்னும் அதே சீரில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இடித்த பிறகும் நிற்கவில்லை" என்றார் மொனிக். பெட்டிகளை விலக்கி, வண்டியை ஆட்களை வைத்துத் திருப்பி, தானே ஏறி, மிச்ச ஐஸில் முயல் குட்டியைத் தடவுவது போல மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மூவாயிரம் ஈரோ என்று விளம்பரத்தில் இருந்தது. அதைக் குறைக்கவும் கேட்கவில்லை. "எடுக்கிறேன்" என்றார்.

தில்லையம்பலத்தின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"மதாம், இது பின்னுக்குப் போகாது."

"எனக்கு முன்னுக்குத்தான் போக வேண்டும்."

"இடது கைபிடி மட்டும்தான் சூடாகும்."

"வலது கையைப் பைக்குள் வைப்பேன்."

"பட்டி மூடி உண்மையிலை ஒரு சமையல் சட்டி."

"சமைப்பதும் நான்தானே."

"மழை நாளிலை கொஞ்சம் அடம் பிடிக்கும். முன்கட்டை கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். சத்தம்..."

கோசலைக்குப் பொறுக்கவில்லை. "இந்த மனுசன் விக்க வரேல்லை. பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக்குடுத்திட்டு வாசலிலை நிண்டு அழ வந்திருக்கிறார்" என்றாள் தமிழில். சுவரோரம் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று மொனிக் கேட்டார். பள்ளிக்கூடச் சமையலறைப் பிரெஞ்சில் கோசலை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

மொனிக் தில்லையம்பலத்தைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "அப்படியென்றால் எனக்கும் ஒரு நிபந்தனை. ஜனவரியில் மேலே வந்து, மலை உயரத்துக்கு ஏற்ற மாதிரி காஸைச் சரிபண்ணித் தர வேண்டும். இதற்குப் புத்தகம் கிடையாது. நீங்கள்தான் புத்தகம்."

"ஜூராவுக்கு ரயில்..." என்று இழுத்தார் தில்லையம்பலம்.

"என்ரை காரிலை நான் ஓடுறன்" என்றாள் கோசலை.

பனிவண்டி இழுவைப் பெட்டியில் ஏறிப் போனது. கூட்டமாக நின்றவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள். தில்லையம்பலம் அன்று மத்தியானம் முழுக்க ரெஜிபோம் பொருக்கு கூட்டினார். பூபாலசிங்கம் ஒரு கதிரை போட்டுக் குந்தியிருந்து, கூட்டாத இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் போனார்கள். நெடுஞ்சாலையில் மற்றவர்கள் நாலரை மணித்தியாலத்தில் போகும் தூரத்துக்குக் கோசலைக்கு ஏழு மணித்தியாலம் எடுத்தது. லொறிகள் எல்லாம் முந்திப் போயின. தில்லையம்பலம் கதவுப்பிடியை விடவில்லை. "மூண்டிலேயே ஓடுது, நாலாவது கியர் போடும்" என்று ஒருமுறை சொன்னார். கோசலை திரும்பிப் பார்த்த பார்வையில், மிச்ச வழியெல்லாம் லொறிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

மேலே எங்கு பார்த்தாலும் வெள்ளை. தில்லையம்பலம் காது தொப்பியை ஒரு பக்கம் தூக்கிவிட்டுக்கொண்டு, வண்டியோடு காலை முழுக்க முழங்காலில் இருந்தார். காஸைக் குறைத்தார், கூட்டினார், கேட்டார். மத்தியானம் தலையை ஆட்டினார். பாதை முடிவில் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டைகளைக் கொண்டுவர வேண்டும், நீங்களே போங்கள் என்றார் மொனிக். விசையை எப்படித் தொடுவது என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார். தில்லையம்பலம் ஏறிக் குந்தினார். அவருக்குப் பின்னால் இருக்கை அழுந்தியது. திரும்பினார். கோசலை.

"நீரோ? பயமில்லையோ?"

"உங்களை விட்டால் மூட்டையோடை ஆஸ்பத்திரிக்குத்தான் போவியள். கதையாமல் ஓடுங்கோ."

ஓட்டினார். இந்த முறை டர்போவும் அவரும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தார்கள். பைன் மரங்கள் இரண்டு பக்கமும் விலகின, குளிர்காற்றில் கண்ணால் தண்ணீர் வந்தது, எஞ்சின் அந்த மலையில் கடிகாரம் மாதிரி ஓடியது. முதல் வளைவு வரைக்கும் கோசலை அவருடைய ஜக்கெற்றைக் கிழிகிற மாதிரிப் பிடித்திருந்தாள். வளைவு தாண்டியதும் காதுக்குள் கத்தினாள்:

"இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்சம் தள்ளுங்கோவன்!"

தள்ளினார். இடப்பக்கம் இழுக்கும் முன்கட்டை இழுத்தது. வண்டி பாதையை விட்டு இறங்கி, இருக்கை மட்டத்துக்குப் பனிக்குள் புதைந்து நின்றது. இரண்டு பேரும் இடுப்பளவு வெள்ளைக்குள் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தில்லையம்பலம் ஏதாவது ஏச்சு வரும் என்று காத்திருந்தார். கோசலை சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து அப்படியே பனியில் குந்திவிட்டாள். அவரும் சிரித்தார். அரை மணித்தியாலம் கழித்து, மேலே வளைவில் மொனிக் ஒரு மண்வெட்டியோடு நடந்து வருவது தெரிந்தது.